இருக்கும் வெளிச்சத்தில்

சேலத்திலும் நாமக்கல் சமவெளியிலும் பள்ளிக்குப் போய் வந்த எவருக்கும் கூடைப்பந்து என்றவுடன் நினைவுக்கு வருவது திறந்த வெளிதான். வெயிலில் வெளுத்த சிமெண்டுத் தளம், சுண்ணாம்புக் கோடு, வலை அறுந்து வெறுமையாய் நிற்கும் இரும்பு வளையம், தளத்தின் ஓரத்தில் ஒரு வேப்ப மரம். ஆனால் இந்த விளையாட்டுப் பிறந்தது கூரைக்கு அடியில். 1891-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், அமெரிக்க நாட்டின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் உடற்பயிற்சி ஆசிரியர், குளிர்காலத்தில் வெளியே ஆட வழியின்றி அடைபட்டுக் கிடந்த தம் மாணாக்கருக்காக இதனை வகுத்தார். பீச் பழக் கூடைகள் இரண்டை அரங்கின் மாடக் கைப்பிடியில் அறைந்து வைத்தார். அந்த மாடம் தரையிலிருந்து பத்தடி உயரத்தில் இருந்தது. அதனாலேயே இன்றளவும் உலகெங்கும் வளையம் பத்தடியில், அதாவது 3.05 மீட்டரில் நிற்கிறது. நெய்ஸ்மித் பணியாற்றிய அதே ஒய்.எம்.சி.ஏ. இயக்கம் இதனை இந்தியாவுக்கும் கொண்டுவந்தது. 1920-இல் ஹாரி குரோ பக் என்பவர் சென்னையில் தொடங்கிய உடற்பயிற்சிக் கல்லூரியில் பயின்று சென்ற ஆசிரியர்கள் தமிழகத்துப் பள்ளிகளில் எல்லாம் இதனைப் பரப்பினர். வெயிலுக்குப் பஞ்சமில்லாத நம் நாட்டுக்கு வந்ததும் விளையாட்டு கூரையைக் கழற்றி எறிந்துவிட்டது!

பொறியியல் கல்லூரிகளும் விடுதிப் பள்ளிகளும் நாமக்கல், இராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரங்களில் பெருகிய பின்னரே நம் பக்கத்தில் கூடைப்பந்து மீண்டும் கூரைக்கு அடியில் புகுந்தது. தகரக் கூரை, உயரத்தில் வரிசையாய்ச் சிறு சன்னல்கள், உத்திரத்தில் தொங்கும் பெரிய விளக்குகள். இவையே நம் ஊர் உள்விளையாட்டரங்கின் அடையாளங்கள். ஆடுபவர்களுக்கு வெயிலும் மழையும் இல்லை என்பது ஓர் ஆறுதல். படம் எடுப்பவர்களுக்கோ வெயில் இல்லை என்பதே தொல்லையின் தொடக்கம்.

நாங்கள் சேலத்தில் ஒரு சிறு புகைப்பட நிலையம் நடத்தும் கணவனும் மனைவியும். எங்கள் வீட்டுப் பெரியவர் தொடங்கிய கடை அது. அவர் காலத்தில் உதகமண்டலத்துத் தொழிற்சாலையில் செய்த 'இந்து' பிலிம் சுருள்கள் கண்ணாடி அலமாரியில் அடுக்கி இருக்கும். 1960-இல் நிறுவப்பட்டு 1967 முதல் பிலிம் செய்து வந்த அந்த ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை மூடப்பட்டுவிட்டது. பிலிம் சுருளும் எங்கள் கடையை விட்டுப் போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. திருமணம், புதுநன்மை, பங்குத் திருவிழா, கடவுச்சீட்டுப் படம்: இவையே எங்கள் பிழைப்பு. கூடைப்பந்து பிழைப்பில் சேராது. எங்கள் மகள் ஒரு காலத்தில் ஆடினாள். அவளைப் பார்க்கப் போனோம். அவள் படித்து முடித்துப் போன பின்னரும் நாங்கள் அரங்குகளுக்குப் போவதை நிறுத்தவில்லை. ஒருவர் காமிராவைப் பிடிப்போம். மற்றவர் பக்கத்தில் குறிப்பேட்டுடன் அமர்ந்து, எந்த எண் சட்டைக்காரப் பிள்ளை எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று எழுதிக்கொள்வோம். படம் பிறகு உரியவர் கைக்குப் போய்ச் சேர வேண்டுமல்லவா?

இருக்கும் வெளிச்சத்தைக் கொண்டே படம் எடுக்கும் பழக்கத்தை நாங்கள் கற்றது ஆலயத்தில்தான். திருப்பலி வேளையில், அதுவும் எழுந்தேற்ற வேளையில், பிளாஷ் மின்னக்கூடாது என்பது பங்குத் தந்தையர் பலரும் விதித்த கட்டளை. புதுநன்மை வாங்கும் குழந்தை கண்ணை மூடி நாவை நீட்டும் அந்த நொடியில் முகத்தில் பளீரென்று ஒளி அடித்தால் அதன் நினைவில் நிற்கப் போவது நற்கருணையா, மின்னலா? ஆகவே பீடத்து மெழுகுதிரியையும், மேற்கு சன்னல் வழியே சரியும் மாலை வெயிலையும், மேலே எரியும் குழல் விளக்கையும் வைத்துக்கொண்டு சமாளிக்கக் கற்றோம். பின்னாளில் விளையாட்டரங்குக்குள் நுழைந்தபோது அந்த அரையிருட்டு எங்களுக்குப் புதிதாக இல்லை. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. ஆலயத்தில் ஒருவரும் ஓடுவதில்லை.

அரங்கிலும் பிளாஷ் வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. பந்தை எறியக் குறிபார்க்கும் பெண்ணின் கண் பத்தடி உயரத்து வளையத்தின் விளிம்பில் பதிந்திருக்கிறது. வளையத்தின் குறுக்களவு 45 சென்டிமீட்டர்தான். அதற்குக் கீழே அமர்ந்திருக்கும் எங்களிடமிருந்து ஒரு மின்னல் கிளம்பினால் அவள் ஆட்டத்தை நாங்கள் கெடுத்தவர்கள் ஆவோம். இன்னொன்று: ஒளி தூரம் செல்லச் செல்லத் தேய்வது தூரத்தின் வர்க்கத்தில். இரு மடங்கு தூரத்தில் கால் பங்கு. மூன்று மடங்கில் ஒன்பதில் ஒரு பங்கு. ஆடுகளமோ 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் கொண்டது. மேல் வரிசையில் அமர்ந்து கைபேசியில் பிளாஷ் அடிப்பவர்களுக்குக் கிடைப்பதெல்லாம் முன் வரிசைக்காரரின் பின்னந்தலைதான். அமெரிக்காவின் பெரிய அரங்குகளில் கூரை உத்திரங்களில் சக்தி வாய்ந்த பிளாஷ் விளக்குகளைப் பொருத்தி, கீழே இருந்தபடியே அவற்றை இயக்குகிறார்கள். அது பெரும் பணக்காரர் வழி. நமக்கு அது எட்டாது.

வெளிச்சத்தை வேண்டியபடி வரவழைக்கும் கலைக்கும் நம் ஊரில் ஒரு வரலாறு உண்டு. சேலத்தில் டி.ஆர்.சுந்தரம் 1935-இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் அது. 1956-இல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' என்ற படத்தை முழுவதும் வண்ணத்தில் எடுத்துத் தமிழுக்கு அந்தப் பெருமையைத் தேடித் தந்த நிறுவனம். அக்காலத்து வண்ண பிலிமுக்கு வெளிச்சப் பசி மிகுதி. அடுக்கடுக்காய் விளக்குகளை ஏற்றி அதன் பசியைத் தீர்த்தார்கள். எங்கள் கடைக்கு வந்துபோகும் முதியவர்களில் அந்த விளக்குகளைத் தூக்கிச் சுமந்தவர்களும் இருந்தார்கள். நாங்கள் அரங்கில் எடுத்த படங்களைக் கண்ட அவர்களுள் ஒருவர், "நாங்க நடிகர் நிக்கிற இடத்துக்கு வெளிச்சத்தைக் கொண்டுபோனோம், நீங்க வெளிச்சம் இருக்கிற இடத்துக்குப் புள்ளைங்க வர்ற வரைக்கும் காத்துக் கிடக்கிறீங்க" என்றார். அவர் சொன்னது எங்கள் தொழிலின் சுருக்கம் எனலாம்.

எவ்வளவு வெளிச்சம் இருக்கிறது? நம் பக்கத்துக் கல்லூரி அரங்கு ஒன்றில், விளக்குகள் யாவும் எரிந்தாலும், நண்பகல் வெயிலின் ஒளியில் இருநூறில் ஒரு பங்குகூடத் தேறாது. நம் கண் தன்னைச் சரிசெய்துகொள்வதால் நமக்கு அது இருட்டாகத் தெரிவதில்லை. காமிரா அப்படி ஏமாறாது. வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஓடி வரும் பிள்ளை, ஷட்டர் வினாடியில் 125-ல் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தால் அதற்குள் 4 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுகிறாள், முகம் கலங்கிவிடும். 500-ல் ஒரு பங்கு என்றால் ஒரே சென்டிமீட்டர். அது பொறுத்துக்கொள்ளத் தக்கது. ஆனால் திறக்கும் நேரம் குறையும்போது உள்ளே வரும் ஒளியும் குறைகிறது. அதை ஈடுகட்ட லென்ஸின் வாயை அகலத் திறக்க வேண்டும், அல்லது ஐ.எஸ்.ஓ. எனப்படும் உணர்திறனைக் கூட்ட வேண்டும். வாயை அகலத் திறந்தால் கூர்மை விழும் இடம் ஒடுங்கிப் போகும். 85 மில்லிமீட்டர் லென்ஸை 1.8 அளவுக்குத் திறந்து 6 மீட்டர் தொலைவில் நிற்பவரைப் பார்த்தால், கூர்மையாக விழும் ஆழம் ஒரு முழத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். பூக்காரம்மா அளந்து தரும் ஒரு முழத்துக்குள் ஓடும் பிள்ளையின் கண் வந்து நிற்க வேண்டும்! உணர்திறனைக் கூட்டினாலோ படமெங்கும் ஜவ்வரிசியைத் தூவினாற்போல் குருணை படியும். ஜவ்வரிசிக்குப் பேர் போன மாவட்டத்தில் இதை விளக்குவது எளிதாக இருக்கிறது.

ஆக, ஒன்றைக் கொடுத்தால்தான் மற்றொன்று கிடைக்கும். எதைக் கொடுப்பது என்பதை ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியே முடிவு செய்ய வேண்டும். அதுவும் பந்து வளையத்தை அடைவதற்குள்.

விளக்கு துடிக்கும் கதை இன்னொரு தொல்லை. நம் வீட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று ஓடுவது. அதனால் விளக்கு வினாடிக்கு 100 முறை கூடிக் குறைகிறது. கண்ணுக்கு இது தெரிவதில்லை. ஆனால் 500-ல் ஒரு பங்கு நேரமே திறக்கும் ஷட்டர், அந்த ஒரு துடிப்பில் ஐந்தில் ஒரு பகுதியை மட்டுமே பிடிக்கிறது. துடிப்பின் உச்சியில் பிடித்தால் படம் பளிச்சென்று இருக்கும். பள்ளத்தில் பிடித்தால் மங்கிப் பழுப்பேறியிருக்கும். ஒரே பிள்ளையை ஒரே இடத்தில் அடுத்தடுத்து மூன்று படம் எடுத்தால், ஒன்றில் மாநிறம், ஒன்றில் மஞ்சள், ஒன்றில் பச்சை சாயல்! பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கத்து விசைத்தறித் தொழிலாளர்களுக்கு இதைச் சொன்னால் உடனே பிடித்துக்கொள்வார்கள். குழல் விளக்கின் அடியில் சுழலும் சக்கரம் சில வேளைகளில் நின்றுவிட்டதுபோலவும், பின்னோக்கிச் சுற்றுவதுபோலவும் தோன்றுவதை அவர்கள் கண்டவர்கள். கூரை விளக்குகளை மூன்று பேஸ் மின்சாரத்திலும் மாற்றி மாற்றி இணைத்திருந்தால் ஒன்றின் பள்ளத்தை மற்றொன்றின் மேடு நிரப்பித் தொல்லை குறையும். 2014 முதல் வந்த சில காமிராக்கள் இந்தத் துடிப்பை அளந்து, உச்சியில் மட்டுமே ஷட்டரைத் திறக்கின்றன. அந்த வசதி எங்கள் கைக்கு வருவதற்கு முன் நடந்த ஒரு நிகழ்ச்சியைத்தான் இங்கே சொல்லப் போகிறோம். அதற்கு முன்பாக இன்னும் ஒரு செய்தி.

வெளிச்சம் போதாத இடத்தில் பழைய படக்காரர்களுக்குத் துணை நின்றது இயற்கையின் ஒரு விதி. மேலே எழும்புகின்ற எதுவும் உச்சியை நெருங்கும்போது வேகம் குறைந்து, ஒரு கணம் நின்று, பிறகே இறங்குகிறது. 40 சென்டிமீட்டர் உயரம் குதிக்கும் ஒரு பெண் மொத்தம் 0.57 வினாடி காற்றில் இருக்கிறாள். அதில் 0.4 வினாடியை அவள் கழிப்பது மேற்பாதி 20 சென்டிமீட்டரில். நல்ல ஆட்டக்காரர்கள் காற்றில் தொங்குவதாக நமக்குத் தோன்றுவது இதனால்தான். அந்த உச்சியில், ஷட்டர் 125-ல் ஒரு பங்கு திறந்திருந்தாலும் உடல் நூலிழை அளவும் இறங்குவதில்லை. 400 ஏ.எஸ்.ஏ. பிலிமை வைத்துக்கொண்டு அரங்குகளில் படம் எடுத்த முன்னோர் ஓட்டத்தைத் துரத்தவில்லை. உச்சிக்காகக் காத்திருந்தார்கள். பந்து கையை விட்டுப் போவதைக் கண்டு பொத்தானை அழுத்தினால் காலம் தாழ்ந்துவிடும். முழங்கால் மடங்கும்போதே விரல் தயாராக வேண்டும். ஆட்டம் தெரியாதவருக்கு இது வராது. காமிராக் கடைக்காரர் இதை விற்க முடியாது.

தண்ட எறிவு, அதாவது 'ஃப்ரீ த்ரோ', எளிது. அப்போது யாரும் குறுக்கே வருவதில்லை. நடுவர் பந்தைக் கையில் கொடுத்த பின் எறிவதற்கு ஐந்து வினாடி. பந்தை இரு முறை தட்டி, மூச்சை இழுத்து, நிமிர்ந்து பார்க்கும் பிள்ளையின் முகத்தில் அச்சமும் துணிவும் கலந்து நிற்கும். கூட்டம் அமைதியாகிவிடும். பெற்றோர் அதிகம் விரும்பி வாங்கும் படமும் அதுதான். எங்களுக்கு அதில் அவ்வளவு ஆசை இல்லை என்றாலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்று எடுத்து வைத்துவிடுவோம்.

பெண் பிள்ளைகளின் ஆட்டத்தைப் படம் எடுப்பது பற்றிச் சிலர் எங்களிடம் கேட்டதுண்டு. கேட்பது முறையே. அமெரிக்காவில் சென்டா பெரன்சன் என்னும் ஆசிரியை தம் கல்லூரிப் பெண்களுக்கு இந்த விளையாட்டைக் கற்பித்து 1893-இல் முதல் ஆட்டம் நடத்தியபோது ஆடவர் எவரையும் பார்க்க விடவில்லை. அந்தக் கவலை நம் காலத்தில் கைபேசி வந்த பின் குறையவில்லை, கூடியிருக்கிறது. நாங்கள் பள்ளியிடமும் பெற்றோரிடமும் கேட்டுக்கொண்டே எடுக்கிறோம். எடுத்ததை அந்தந்தக் குடும்பத்துக்கு அச்சிட்டுக் கொடுக்கிறோம். ஆட்டத்தின் வேகத்தில் ஆடை விலகிய படம் இருந்தால் அரங்கை விட்டு இறங்கும் முன்னரே அழித்துவிடுகிறோம். ஆனால் அஞ்சி, எடுக்காமலே இருந்துவிட வேண்டும் என்பதை எங்களால் ஏற்க இயலவில்லை. சென்னைப் பெண் அனிதா பால்துரை ஒரு குழந்தைக்குத் தாயான பின்னரும் இந்திய அணிக்குத் திரும்பி ஆடினார். 2017-இல் பெங்களூரில் ஆசியக் கோப்பையின் இரண்டாம் பிரிவில் வென்ற அணியில் இருந்தார். 2021-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அவருடைய படங்களைப் பார்த்திராவிட்டால் நம் பக்கத்துப் பெண் பிள்ளைகள் அப்படி ஒருவர் இருப்பதை எங்ஙனம் நம்புவர்?

இனி அந்த நிகழ்ச்சிக்கு வருவோம். 2012-ஆம் ஆண்டு. தமிழகம் மின்வெட்டில் தவித்த காலம் அது. தறிகள் நின்று, ஆட்டுக்கல்லைத் தேடி எடுத்துக் கழுவிய காலம். திருச்செங்கோடு பக்கத்துக் கல்லூரி அரங்கு ஒன்றில் பள்ளி மாணவியருக்கான போட்டி. மாலை ஆறரை மணிக்கு இரண்டாவது ஆட்டம். நாங்கள் வளையத்துக்குப் பின்னே, கம்பத்துக்குச் சற்று விலகித் தரையில் அமர்ந்திருந்தோம். தரையில் அமர்ந்தால்தான் பிள்ளைகள் உயரமாய்த் தெரிவார்கள். எங்களிடம் அப்போதிருந்த காமிராவில் ஐ.எஸ்.ஓ. 1600-ஐத் தாண்டினால் ஜவ்வரிசிதான். ஆகவே 1600, லென்ஸ் 1.8, ஷட்டர் 500-ல் ஒரு பங்கு என்று நிறுத்தியிருந்தோம்.

ஆட்டம் முடிய நான்கு நிமிடம் இருக்கும்போது மின்சாரம் போயிற்று. ஜெனரேட்டர் உடனே ஓடத் தொடங்கியது, மின்விசிறி சுழன்றது, விளக்கு மட்டும் எரியவில்லை. 'மெட்டல் ஹாலைடு' விளக்கின் குணம் அது. சூடாயிருக்கும்போது அணைந்தால் ஆறிய பின்னரே மறுபடி பற்றும்; பத்துப் பதினைந்து நிமிடம் பிடிக்கும். பிள்ளைகள் இருட்டில் தரையில் அமர்ந்து தண்ணீர் குடித்தார்கள். யாரோ ஒருத்தி மாதா பாட்டு ஒன்றை முணுமுணுக்க, எதிரணிப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். நேரம் ஆகிக்கொண்டிருந்தது, தொலைவிலிருந்து வந்த அணிகளின் வண்டிகள் வெளியே காத்து நின்றன. பன்னிரண்டு விளக்குகளில் மூன்று மட்டும் முழு ஒளிக்கு வந்தபோது, இரு பக்கப் பயிற்சியாளர்களும் ஒப்புக்கொள்ள, நடுவர் ஊதலை ஊதினார். அந்தி மயங்கும் வரை வெளித்தளத்தில் ஆடிப் பழகிய பிள்ளைகள். அவர்களுக்கு அந்த வெளிச்சம் போதும்.

எங்களுக்குப் போதவில்லை. நான்கில் ஒரு பங்கு வெளிச்சம். லென்ஸ் இதற்கு மேல் திறக்காது. உணர்திறனைக் கூட்ட மனம் இல்லை. ஷட்டரை 125-க்கு இறக்கினோம். இனி ஓட்டம் கிடையாது, உச்சி மட்டுமே என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். நான்கு நிமிடத்தில் எடுத்தது பதினொரு படங்கள். அவற்றுள் ஒன்றில், ஒரு விசைத்தறித் தொழிலாளியின் மகள், பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, வலப்பக்கத்து மூலையிலிருந்து எழும்பிப் பந்தை விடுகிறாள். எரிந்த மூன்று விளக்குகளில் ஒன்று அவள் தலைக்கு மேலே இருந்தது. முகம் கல்லில் செதுக்கினாற்போல் கூர்மை. கைகள் இரண்டும் மணிக்கட்டுக்கு மேலே புகையாய்க் கரைந்திருந்தன. பந்து ஒரு பழுப்பு நிறக் கோடு. பின்னால் இருந்த அரங்கு முழுவதும் இருட்டு.

அந்தப் பெண்ணுக்குக் கோவையில் ஒரு கல்லூரி, விளையாட்டுத் தகுதியில் இடம் தர முன்வந்திருந்தது. கட்டணம் இல்லை, விடுதியும் உண்டு. தகப்பனார் இசையவில்லை என்று உடற்பயிற்சி ஆசிரியை சொன்னார். பன்னிரண்டு முடித்ததும் மில்லுக்கு அனுப்புவது, இரண்டு ஆண்டில் திருமணம் என்று வீட்டில் பேச்சு. அந்தத் தகப்பனாரைக் குறை சொல்லும் எண்ணம் எங்களுக்கு இல்லை. அவர் இரவு ஷிப்ட் வேலை பார்ப்பவர். மகள் ஆடும் மாலை வேளையில் தறிக்குப் புறப்பட்டுக்கொண்டிருப்பார். அவர் அறிந்ததெல்லாம், முழங்கால் சிராய்ப்போடும் அழுக்குச் சட்டையோடும் மகள் நேரம் கழித்து வீடு திரும்புவதை மட்டுமே.

பள்ளிபாளையம் பக்கம் ஒரு புதுநன்மை விழாவுக்குச் சென்ற ஞாயிறன்று அவர்கள் வீட்டுக்கும் போனோம். அந்தப் பெண்ணின் படங்கள் நான்கைப் பெரிதாக அச்சிட்டு எடுத்துச் சென்றிருந்தோம். அவளுடைய தாய் எங்களை உட்கார வைத்து, மோர் கொடுத்து, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாய்ப் பார்த்தார். தண்ட எறிவுப் படம் அவருக்குப் பிடித்திருந்தது. மூன்று விளக்குப் படம் வந்ததும் புருவம் சுருங்கியது.

"ஏனுங்க அக்கா, கை ரெண்டும் கலங்கிக் கெடக்குது? படம் கெட்டுப் போச்சுங்களா?"

வெளிச்சம் குறைவு, ஷட்டர், கை வேகம் என்று நாங்கள் விளக்கத் தொடங்கினோம். உள்ளறையில் படுத்திருந்த தகப்பனார் பேச்சுக் குரல் கேட்டு எழுந்து வந்து நின்றார். படத்தை வாங்கி, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"தறி ஓடறப்ப நாடா தெரியுதா உனக்கு?" என்று மனைவியிடம் கேட்டார். "நின்னாத்தான் தெரியும். அது மாதிரிதான் இது. கை ஓடுது."

எங்களுக்கு அதற்கு மேல் விளக்க ஒன்றும் இல்லாமற் போயிற்று. அவர் படத்தைத் திருப்பித் தரவில்லை. வளையம் எத்தனை அடி உயரம் என்று கேட்டார், பத்தடி என்றோம். இவள் எவ்வளவு தூரத்திலிருந்து எறிகிறாள் என்று கேட்டார்; ஆறு மீட்டருக்குக் குறையாது என்றோம். மகள் அடுக்களைக் கதவருகே நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவளைப் பார்க்காமல் எங்களைப் பார்த்துச் சொன்னார்: "வூட்ல இந்த மூஞ்சிய நான் பாத்ததில்லைங்க அண்ணா."

கல்லூரியைப் பற்றி அவரும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை. அது அவர்கள் குடும்பத்துக் காரியம். கூடைப்பந்து ஆடும் பெண்களைப் பற்றி ஒரு சொற்பொழிவு ஆற்ற எங்களுக்கும் தெரியும். அந்தச் சிறிய வீட்டில் மோர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அதைச் செய்வது முறையன்று என்று தோன்றியது. புறப்படும்போது, அடுத்த ஆட்டம் என்றைக்கு என்று மட்டும் கேட்டார். சனிக்கிழமை, அதே அரங்கு, நான்கு மணி என்றோம்.

சனிக்கிழமை அவர் வந்தார். ஷிப்டை வேறொருவருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு, முந்தைய இரவுப் பஞ்சுத் துகள் தலைமுடியில் ஒட்டியிருக்க, தோளில் துண்டோடு வாசலில் தயங்கி நின்றார். எங்கே உட்கார்ந்தால் நன்றாகத் தெரியும் என்று கேட்டார். மேல் வரிசையைக் காட்டியிருக்கலாம். எங்கள் பக்கத்தில் தரையைக் காட்டினோம். செருப்பைக் கழற்றி ஓரமாய் வைத்துவிட்டுச் சம்மணமிட்டு அமர்ந்தார். அன்று விளக்குகள் பன்னிரண்டும் எரிந்தன, மின்சாரமும் போகவில்லை. வளையத்துக்குப் பின்னே அமர்பவர்களை நோக்கி ஆட்டத்தின் நடுவே பந்து பாய்ந்து வருவது வழக்கம். ஒவ்வொரு முறை அது வரும்போதும் அவர் எங்கள் காமிராவுக்கு முன்னே தம் கையை நீட்டித் தடுத்தார். வேண்டாம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று இரண்டு முறை சொன்னோம். மகள் அடித்த பந்து வளையத்தில் விழும்போதும் அதே கை எழும்பிற்று.

அன்றைக்கு எடுத்தவை ஏறத்தாழ முந்நூறு படங்கள். அவற்றில் ஏழு படங்களில் காப்புக் காய்த்த அந்தக் கை குறுக்கே விழுந்திருக்கிறது. அந்த ஏழையும் அழிக்காமல் வைத்திருக்கிறோம்.